ஆறு லட்சம் போனது சிவில், ஓர் அறை விட்டது கிரிமினலா?

கடிதம் எழுதியிருப்பவர் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. வயது 43. கணவர் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகளும், அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் 26 வயதுத் தம்பியும் உடன் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில், அதே தெருவில் ஜவுளி வியாபாரம் செய்யும் குடும்ப நண்பர் ஒருவருக்கு ஆறு லட்சம் ரூபாய் கடன் கொடுத்திருக்கிறார். நான்கு லட்சம் வங்கி வழியாக, இரண்டு லட்சம் ரொக்கமாக. மொத்தத் தொகைக்கும் புரோ நோட்டு எழுதி வாங்கியிருக்கிறார். எட்டு மாதம் வட்டி வந்தது. பிறகு வட்டியும் இல்லை, அசலும் இல்லை, போனை எடுப்பதும் இல்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். ஒருநாள் இருவரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசினார்கள். "இது சிவில் விவகாரம்மா, கோர்ட்டுக்குப் போங்கள்" என்று முடித்துவிட்டார்கள். ஆத்திரம் தாங்காத தம்பி அந்த நண்பரின் வீட்டுக்குள் போய், கூடத்தில் வைத்துத் திட்டி, கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டார். இரண்டே நாளில் தம்பியின் மேல் முதல் தகவல் அறிக்கை பதிவானது. விசாரணைக்கு வரச்சொல்லி அறிவிப்பும் வந்துவிட்டது.

"என் வாழ்நாள் சேமிப்பை விழுங்கியவர் குற்றவாளி இல்லையாம், ஓர் அறை விட்ட என் தம்பி குற்றவாளியாம். அப்படியானால் குற்றம் என்று சட்டம் எதைத்தான் சொல்கிறது?" என்று கேட்கிறார். கூடவே மூன்று துணைக் கேள்விகள். தம்பிக்கு முன்ஜாமீன் எடுக்க ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா? மனு எழுதித் தருகிறவர் 406 (நம்பிக்கை மோசடி), 420 (ஏமாற்றுதல்) இரண்டு பிரிவுகளையும் போட்டுப் புதிதாகப் புகார் தயாரித்திருக்கிறார், அதைக் கொடுக்கலாமா? "கத்தியைக் காட்டி மிரட்டினார் என்று ஒரு வரி சேர்த்தால் உடனே கைது செய்வார்கள்" என்று அவரே சொல்கிறாராம், சேர்க்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வரியைச் சேர்க்காதீர்கள். நடக்காத மிரட்டலை நடந்ததாக எழுதிக் கையெழுத்திட்டால், இந்தக் கதையில் இதுவரை எந்தக் குற்றமும் செய்யாத ஒரே ஆளான நீங்களும் குற்றம் செய்தவர் ஆகிவிடுவீர்கள். ஒருவருக்குத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு பொய்யென்று தெரிந்தே குற்றம் சாட்டினால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 248-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதைவிடவும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. உங்களிடம் உண்மையான, பலமான ஒரு செய்தி இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு பொய்யை வைத்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பொய்யை மட்டும் பிடித்துக்கொண்டு முழுப் புகாரையும் சாய்த்துவிடுவார். அந்த உண்மை எது என்று பின்னால் சொல்கிறேன்; உங்கள் கடிதத்திலேயே போகிற போக்கில் அதை எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். குற்றம் என்ற சொல்லுக்கு நம் சட்டப் புத்தகங்களில் தத்துவ விளக்கம் எதுவும் கிடைக்காது. 1897-ஆம் ஆண்டின் பொதுச் சட்டக்கூறுகள் சட்டம் சொல்வதும், இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: நடைமுறையில் உள்ள ஏதாவது ஒரு சட்டத்தால் தண்டனைக்குரியதாக ஆக்கப்பட்ட செயலோ, செய்யத் தவறிய காரியமோ, அதுவே குற்றம். பாவம், துரோகம், நன்றிகெட்டதனம், வாக்கு மீறல் இவையெல்லாம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அவற்றுக்குத் தண்டனை உண்டு என்று ஒரு சட்டம் எழுதிவைத்திருக்கவில்லை என்றால் காவல்துறைக்கு அங்கே வேலை இல்லை.

இது விசித்திரமாகத் தோன்றலாம். ஒரு எடுத்துக்காட்டு பாருங்கள். மணமான பெண்ணோடு அவள் கணவனின் சம்மதம் இல்லாமல் உறவு கொள்வது 2018 செப்டம்பர் 26 வரை இந்தியாவில் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அந்த 497-ஆவது பிரிவை ரத்து செய்தது. அந்தச் செயலைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பது ஒரே இரவில் மாறிவிடவில்லை. விவாகரத்துக்கு அது இன்றும் காரணம்தான். ஆனால் குற்றம் என்ற முத்திரை போய்விட்டது. நேர்மாறான எடுத்துக்காட்டு காசோலை. கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்புவது நெடுங்காலம் வெறும் கடன் தகராறாகவே இருந்தது. 1989 ஏப்ரல் முதல், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த 138-ஆவது பிரிவு அதைச் சிறைக்குரிய குற்றமாக்கியது; இப்போது இரண்டு ஆண்டு வரை சிறை. உங்கள் நண்பர் புரோ நோட்டோடு ஒரு செக்கும் கொடுத்து, நீங்கள் அதைச் செல்லுபடியாகும் மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டு, அது திரும்பியிருந்தால் கதையே வேறு. நோட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

செய்யத் தவறுவதும் குற்றம் என்றேனே, நீங்கள் ஆசிரியை என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தும் காவல்துறையிடம் தெரிவிக்காமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி தண்டனைக்குரியது. "நான் எதுவும் செய்யவில்லையே" என்பது அங்கே பதில் ஆகாது.

கையும் மனமும்

சட்டம் தண்டனை எழுதிவைத்திருப்பது மட்டும் போதாது. பெரும்பாலான குற்றங்களில் இரண்டு விஷயங்களை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும்: ஒரு செயல், அந்தச் செயல் நடந்த நேரத்தில் இருந்த குற்ற மனம். பஸ்ஸில் அடுத்தவர் குடையைத் தன் குடை என்று நினைத்து எடுத்துச்சென்றவர் திருடர் இல்லை. ஏழு வயது நிரம்பாத குழந்தை என்ன செய்தாலும் அது குற்றம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது; குற்ற மனம் அந்த வயதில் இருக்க முடியாது என்பதுதான் காரணம். காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டுவது போன்ற சில ஒழுங்குமுறைக் குற்றங்களில் மட்டும் மனத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

காவல் நிலையத்தில் உங்களைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் இந்த "மனம்" என்ற பாதிதான். ஏமாற்றுதல் என்ற குற்றத்தின் உயிர், பணத்தைத் திருப்பித் தராததில் இல்லை. பணத்தை வாங்கிய அந்த நிமிடத்தில் பொய் சொல்லி உங்களை நம்பவைத்தாரா என்பதில் இருக்கிறது. வாங்கும்போது திருப்பித் தரும் எண்ணம் இருந்து, பிறகு வியாபாரம் நொடித்தோ, மனம் மாறியோ தராமல் விட்டால் அது ஒப்பந்த மீறல். உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் ஹிருதய ரஞ்சன் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: ஆரம்பத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்ததாகக் காட்டினால்தான் ஏமாற்றுதல், வாக்கைக் காப்பாற்றாததை மட்டும் வைத்து அந்த எண்ணத்தை ஊகிக்க முடியாது. ஆறு ரூபாயாக இருந்தாலும் ஆறு கோடியாக இருந்தாலும் இதே அளவுகோல்தான். இழப்பின் அளவு தண்டனையைப் பாதிக்கலாம். குற்றமா இல்லையா என்பதை அது தீர்மானிப்பதில்லை.

எனவே அந்தக் காவல் ஆய்வாளர் பணம் வாங்கிக்கொண்டு விட்டார் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கத் தயாராக இல்லை. உங்கள் புகாரின் நகலைப் படித்தேன். நான்கு பக்கத்திலும் "தரவில்லை, தரவில்லை" என்றுதான் இருக்கிறது. அதைப் படிக்கும் எந்த அதிகாரிக்கும் கடன் பாக்கிதான் கண்ணுக்குத் தெரியும். சிவில் தகராறுகளுக்குக் குற்ற வழக்கு முலாம் பூசும் வழக்கம் பெருகிவருவதை உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருப்பதால், அவர்களும் எச்சரிக்கையாகவே இருக்கிறார்கள். (எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சில இடங்களில் கட்டப் பஞ்சாயத்தும் நடக்கிறது என்பதை 24 ஆண்டு நீதிமன்ற அனுபவத்தில் நான் அறியாதவன் இல்லை. உங்கள் விஷயத்தில் அப்படி நடந்ததாகத் தெரியவில்லை.)

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு வரி

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "பணம் வாங்குவதற்கு முந்தைய நாள் தன் பெயரில் இருக்கும் மனையின் பத்திரத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முடியாவிட்டால் இதை விற்றாவது தருவேன் அக்கா என்றார். போன மாதம் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அந்த மனையை 2023 நவம்பரிலேயே விற்றுவிட்டிருக்கிறார்."

அம்மா, உங்கள் வழக்கே இதுதான். புகாரில் இந்தச் செய்தி ஓரிடத்தில்கூட இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு விற்ற மனையை இன்னும் தன்னுடையது என்று காட்டி, அந்த நம்பிக்கையில் உங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார். பொய் பணத்துக்கு முன்னால் வந்திருக்கிறது. இந்த உண்மைகள் நிரூபணமானால் இது வெறும் கடன் பாக்கி இல்லை. ஏமாற்றிப் பொருளைக் கைப்பற்றிய குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. சிவில் பரிகாரம் இருக்கிறது என்பதற்காகக் குற்ற வழக்கு அடைபட்டுவிடாது. 2006-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே சொன்னது: சிவில் தகராறைக் குற்றமாக்காதீர்கள், ஆனால் குற்றத்தின் கூறுகள் இருந்தால் சிவில் தகராறு என்று தள்ளிவிடவும் வேண்டாம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். "எட்டு மாதம் வட்டி கொடுத்திருக்கிறேன், ஏமாற்ற நினைத்தவன் கொடுப்பானா?" என்பார்கள். நல்ல வாதம்தான். சில வழக்குகளில் அதுவே வென்றும் இருக்கிறது. "பத்திரத்தைச் சும்மா அனுப்பினேன், அதைப் பார்த்து அவர் பணம் தரவில்லை" என்றும் சொல்வார்கள். எனவே அந்தப் படம் எந்தத் தேதியில், எந்த நேரத்தில் வந்தது, அதற்குமுன் நீங்கள் என்ன கேட்டீர்கள், அதற்குப்பின் எப்போது பணம் அனுப்பினீர்கள் என்ற வரிசைதான் உங்கள் பலம். அந்த போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும், வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்த வில்லங்கம் போதாது. முத்திரையிட்ட வில்லங்கச் சான்றும், 2023 நவம்பர் கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வாங்கிவையுங்கள்.

மனு எழுதியவர் போட்ட பிரிவுகளில் 420 சரி. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் ஏமாற்றுதல் 318-ஆவது பிரிவு. ஆனால் உங்கள் பணம் கைமாறியது 2024 பிப்ரவரியில். செயல் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் ஒருவரைத் தண்டிக்க முடியும் என்பது அரசியலமைப்பின் 20-ஆவது கூறு தரும் பாதுகாப்பு. எனவே உங்களுக்குப் பழைய 420-தான். தம்பியின் அறை அண்மையில் விழுந்தது, அதற்குப் புதிய சட்டம். ஒரே வீட்டின் இரண்டு வழக்குக்கு இரண்டு சட்டப் புத்தகம்!

406 மட்டும் வேண்டாம். அது நம்பிக்கை மோசடி. பாதுகாத்துவைக்கச் சொல்லி ஒப்படைத்த பொருளைத் தனதாக்கிக்கொள்வது. கடனாகக் கொடுத்த பணம் கொடுத்த நொடியே வாங்கியவருடையது ஆகிவிடுகிறது. ஒரே நிகழ்வுக்கு 406-உம் 420-உம் சேர்ந்து வர முடியாது என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதற்காகவே கண்டித்து எழுதியிருக்கிறது. ஆனாலும் மனு எழுதும் மேசைகளில் இந்த இரண்டும் இன்னும் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறக்கின்றன.

காவல்துறை ஏன் ஒன்றில் ஓடுகிறது, ஒன்றில் நிற்கிறது

குற்றங்களைப் பலவிதமாகப் பிரிக்கலாம். உடலுக்கு எதிரானவை, சொத்துக்கு எதிரானவை, அரசுக்கு எதிரானவை, பொது அமைதிக்கு எதிரானவை என்று பாடப்புத்தகம் பிரிக்கும். அது மாணவர்களுக்கு. உங்களைப் போல் காவல் நிலைய வாசலில் நிற்பவருக்கு வேண்டியது நடைமுறைச் சட்டம் செய்யும் பிரிவினை. புதிய நடைமுறைச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே அது எழுதப்பட்டிருக்கிறது.

முதலாவது, நீதிபதியின் உத்தரவு இல்லாமல் காவல்துறையே வழக்குப் பதிந்து, விசாரித்து, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்கள். கொலை, கொள்ளை, ஏமாற்றிப் பொருளைக் கைப்பற்றுதல் இவை இந்த வகை. இப்படிப்பட்ட குற்றம் புகாரிலேயே வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. வணிகத் தகராறு, குடும்பத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும் முதலில் ஒரு சிறு விசாரணை செய்துகொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. உங்களை அழைத்துப் பேசியது அந்த இடத்தில் வரும்.

இன்னொரு வகை, காவல்துறை தானாக விசாரிக்க முடியாத குற்றங்கள். அவதூறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புகாரைக் குறித்துக்கொண்டு நீதித்துறை நடுவரிடம் போகச் சொல்வார்கள். நடுவர் உத்தரவிட்டால்தான் விசாரிக்கலாம். சாதாரண அடியும், அதாவது தம்பி விட்ட அறையும், இந்த வகைதான்.

"அப்படியானால் அவன்மேல் எப்படி இரண்டே நாளில் வழக்குப் பதிந்தார்கள்?" என்று கேட்பீர்கள். அறிவிப்பில் உள்ள பிரிவுகளைப் பாருங்கள்: 115(2), 329(4), 296(b). முதலாவது அடித்துக் காயப்படுத்தியது. சட்டத்தில் உடல்வலி இருந்தாலே காயம்தான், ரத்தம் வர வேண்டியதில்லை. இரண்டாவது வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தது. மூன்றாவது ஆபாசமாகத் திட்டியது. கடைசி இரண்டும் காவல்துறை நேரடியாக விசாரிக்கக்கூடியவை. ஒரு நிகழ்வில் பல குற்றங்கள் இருந்து அவற்றில் ஒன்றாவது நேரடி விசாரணைக்குரியதாக இருந்தால், முழு வழக்கையும் அப்படியே நடத்தலாம் என்று நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு சொல்கிறது. தம்பி அதே அறையைத் தெருமுனையில், வாயைத் திறக்காமல் விட்டிருந்தால் காவல்துறை நடுவரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டியிருக்கும். வாசற்படியைத் தாண்டியதுதான் வினையானது. அவனுக்கு ஆத்திரம் வந்தது நியாயமா என்பது வேறு கேள்வி. வரவேண்டிய கடனுக்காகக் கடனாளி வீட்டுக் கூடத்துக்குள் போய் அடிக்கும் உரிமையை எந்தச் சட்டமும் யாருக்கும் கொடுக்கவில்லை.

முன்ஜாமீனுக்கு 40,000 ரூபாய்

கொடுக்காதீர்கள். குற்றங்களின் அடுத்த பிரிவினை, ஜாமீன் உரிமையாகக் கிடைப்பவை, நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டவை என்பது. தம்பிமேல் உள்ள மூன்று பிரிவுகளும் முதல் வகை. கைதானால்கூடப் பிணை கொடுத்துவிட்டுக் காவல் நிலையத்திலிருந்தே வெளியே வர அவனுக்கு உரிமை இருக்கிறது. அதே நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கான 482-ஆவது பிரிவு இரண்டாம் வகைக் குற்றங்களுக்கு மட்டுமே. இல்லாத நோய்க்கு மருந்து விற்க வருகிறார்கள்.

வந்திருப்பது 35(3) பிரிவின்கீழ் அறிவிப்பு. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் இயந்திரகதியாகக் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இந்த அறிவிப்பு முறை வலுப்பட்டது. இதற்கு ஒழுங்காகப் போய் ஆஜராகிற வரை, காரணத்தைப் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. போகாமல் ஒளிந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். சொன்ன தேதியில் ஒரு வழக்கறிஞரோடு போகச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கொலை மிரட்டலுக்கான 351(3) பிரிவைப் பிறகு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. சேர்த்திருந்தால் நான் மேலே சொன்ன கணக்கு மாறலாம், உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். 296(b)-ஐப் பொறுத்தவரை, திட்டியது பொது இடத்திலோ அதன் அருகிலோ இருக்க வேண்டும். மூடிய வீட்டுக் கூடம் பொது இடமா என்று கேட்க நல்ல இடம் இருக்கிறது.

அவனுடைய தேர்வுக் கவலை நியாயமானது. இதில் ஒரே ஒரு அறிவுரை: விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்கக் கூடாது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறு வழக்குகளை மன்னிப்பது பற்றி வேலை தருபவர் யோசிக்கலாம் என்று இடம் கொடுத்தது. மறைத்தது தெரிந்தால் வழக்கை விட மறைத்ததே பெரிதாகிவிடும்.

இனி எந்த வழியில் போவது

குற்ற வழக்கு நடந்தால் பணம் தானாக வந்துவிடும் என்று எண்ணியிருக்கிறீர்கள். அங்கே வழக்கு நடத்துவது அரசு. நீங்கள் பாதிக்கப்பட்டவர், முதல் சாட்சி. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தண்டனை கிடைத்தால் இழப்பீடு தரச்சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். அது எத்தனை ஆண்டு கழித்து என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பணத்துக்கு நேர்வழி சிவில் வழக்குதான். அங்கே உங்கள் கையில் புரோ நோட்டும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. எது அதிகம் நம்பத்தக்கது என்று பார்த்தாலே போதும்.

அதற்குக் காலவரம்பு உண்டு என்பதை மறக்காதீர்கள். நோட்டின் தேதியிலிருந்து மூன்று ஆண்டு, அதாவது 2027 பிப்ரவரியோடு முடிந்துவிடும். கொடுத்த வட்டியை அவர் தன் கையெழுத்தோடு நோட்டின் பின்புறம் வரவு வைத்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக எண்ணலாம். இல்லையென்றால் எண்ண வேண்டாம். ஏமாற்றுதல் குற்றத்துக்கு இப்படி ஒரு வரம்பு இல்லை. மூன்று ஆண்டு வரை தண்டனையுள்ள சிறிய குற்றங்களுக்குத்தான் காலவரம்பு. "கிரிமினல் கேஸ் முடியட்டும், பிறகு சிவில் பார்க்கலாம்" என்று காத்திருந்து பணத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் மூன்று சதவீதம், உங்களுக்கு 18,000 ரூபாய். அவர் மீதமுள்ள சொத்தையும் விற்றுக்கொண்டிருக்கிறார் என்று காட்ட முடிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம்.

நோட்டில் எழுதியுள்ள வட்டி விகிதத்தை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. அதைப் பாருங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி வகையறாக்களைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. எதிர்த்தரப்பு முதலில் தேடுவது இதைத்தான். நியாயமான வட்டி என்றால் பயப்பட ஒன்றும் இல்லை.

காவல்துறைப் பக்கம், பழைய நான்கு பக்கப் புகாரைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒன்றரைப் பக்கத்தில் புதிதாக எழுதுங்கள்: எந்தத் தேதியில் பத்திரப் படம் வந்தது, என்ன சொன்னார், எந்தத் தேதியில் பணம் போனது, அந்த மனை எந்தத் தேதியில் ஏற்கனவே விற்பனையாகியிருந்தது. வசை வேண்டாம், வரிசை போதும். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசைவில்லை என்றால், பிரமாணப் பத்திரத்தோடு நடுவர் நீதிமன்றத்தில் 175(3) மனு. வழக்குப் பதிவானால் 90 நாளுக்குள் விசாரணை நிலவரத்தை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது அவர்கள் கடமை.

வழக்கறிஞர் கட்டணம் பற்றித் தயங்குகிறீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

இன்னொன்று. இன்னும் சில வாரத்தில் உங்கள் வீட்டுக்கு யாராவது பெரியவர் ஒருவர் சமாதானம் பேச வருவார் என்று எதிர்பார்க்கிறேன். "தம்பி மேல் உள்ள கேஸை முடித்துக்கொள்கிறோம், நீங்கள் நோட்டைக் கொடுத்துவிடுங்கள்" என்பார். அடித்ததும் வீட்டுக்குள் நுழைந்ததும் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள்தான்; 296(b) அந்தப் பட்டியலில் இல்லை, அதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். ஆக அவர் தருவதாகச் சொல்வதை முழுதாகத் தரவே அவரால் முடியாது. அந்த வழக்கில் உள்ள எந்தப் பிரிவுக்கும் ஓராண்டுக்கு மேல் சிறை இல்லை. நீங்கள் கொடுக்கப்போவது ஆறு லட்ச ரூபாய் நோட்டு. பேச்சுவார்த்தைக்குப் போங்கள், மரியாதையாகப் பேசுங்கள், வேண்டுமானால் தம்பி ஒரு வருத்தமும் தெரிவிக்கட்டும். நோட்டின் மூலத்தை மட்டும் அன்று வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.